பிரமாணம் செய்வித்தல்



ஆங்கில வினைச்சொல் ஒன்றன் பின்னே 'இன்', 'ஆஃப்', 'பை' போன்ற சிறு சொல் வந்து ஒட்டிக்கொண்டால், அவ்வினையின் பொருள் நாம் எதிர்பாராத திசையில் திரும்பிவிடுவதுண்டு. அவற்றுள் 'ஸ்வேர் இன்' என்பதனை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு காலத்தில் என்னைத் தலைகுனிய வைத்த தொடர் அது.

'ஸ்வேர்' என்றால் ஆணையிடுதல், சத்தியம் செய்தல். 'ஸ்வேர் இன்' என்றாலோ பிரமாணம் செய்வித்துப் பதவியில் அமர்த்துதல். ஆகவே பிரமாணம் செய்விப்பவரே எழுவாயாக நிற்பார், செய்பவர் செயப்படுபொருளாகிவிடுவார். நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதனை நினைவிற்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மாணவன், 'கவர்னர் ஸ்வோர் இன் த மினிஸ்டர்ஸ்' என்று தேர்வுத்தாளில் எழுதியிருந்தான். பிரமாணம் எடுத்தவர்கள் அமைச்சர்கள்தாமே என்று எண்ணி, சிவப்பு மையால் அதனை அடித்து, 'மினிஸ்டர்ஸ் ஸ்வோர் இன்' என்று திருத்தி, ஒரு மதிப்பெண்ணையும் குறைத்தேன். அவன் மெல்ல வந்து, "ஐயா, செய்வித்தவர் கவர்னர் அல்லவா?" என்றான். அதட்டி அனுப்பிவிட்டேன். அன்றிரவு அகராதியைப் புரட்டியபோதுதான் அவன் எழுதியது சரி என்று தெரிந்தது. அதன் பிறகும் வகுப்பில் அதனைச் சொல்ல எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. மதிப்பெண்ணை உடனே திருப்பிக் கொடுத்திருக்கலாம், வாய்தான் வரவில்லை.

அமெரிக்க வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி இத்தொடரை நன்கு விளக்கும். 1923ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஹார்டிங் காலமானார். துணைத் தலைவர் கூலிட்ஜ் அப்போது வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், தம் தந்தையின் வீட்டில் தங்கியிருந்தார். நள்ளிரவுக்குப்பின் செய்தி வந்தது. தந்தையார் நோட்டரி; ஆகவே மண்ணெண்ணெய் விளக்கொளியில் அவரே மகனுக்குப் பிரமாணம் செய்வித்தார். 'ஹிஸ் ஃபாதர் ஸ்வோர் ஹிம் இன்' என்று எழுதுவோம். 'ஹிம்' என்னும் பிரதிப்பெயர் நடுவில் வருவதைக் கவனியுங்கள்; 'ஸ்வோர் இன் ஹிம்' என்பது பிழை. மகனை எழுவாயாக்கினால் செயப்பாட்டுவினை வேண்டும்: 'கூலிட்ஜ் வாஸ் ஸ்வோர்ன் இன்'. செய்தித்தாள்களில் நாம் மிகுதியும் காண்பது இவ்வடிவமே. மாநில நோட்டரி ஒருவர் இதனைச் செய்விக்கலாமா என்னும் ஐயத்தால், கூலிட்ஜ் பின்னர் வாஷிங்டனில் நீதிபதி ஒருவர் முன் மீண்டும் பிரமாணம் எடுத்தார். செய்விப்பவர் யார் என்பது இலக்கணத்தில் மட்டுமன்றிச் சட்டத்திலும் வினாவாக எழுந்தது!

நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் உள்ள பதவிப் பிரமாணங்களில், கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். உறுதி கூறுவோர் 'ஸ்வேர்' என்னும் சொல்லையே உச்சரிப்பதில்லை. ஆயினும் அவர்களையும் 'ஸ்வோர்ன் இன்' என்றே ஏடுகள் எழுதுகின்றன, அது வழக்கு.

ஒட்டுச்சொல் மாறினால் பொருள் வேறு. 'ஸ்வேர் ஆஃப்' என்றால் புகையிலை போன்றதொன்றை இனித் தொடுவதில்லை என்று விட்டொழித்தல். சுக்குக் கஷாயத்தை எதற்கும் மருந்தென்று நம்பும் பாட்டியார் அதனை 'ஸ்வேர்ஸ் பை'. 'ஸ்வேர் அட்' என்பதோ ஒருவரை வாய்க்கு வந்தபடி ஏசுவது. 'இன்' எழுத வேண்டிய இடத்தில் 'அட்' என்று எழுதிவிட்டால், கவர்னர் அமைச்சர்களை வைததாக முடியும்.