பாதை மாறினால் விதியும் மாறும்: சிங்கப்பூரில் சைக்கிள் ஓட்டுவோருக்கு

சிங்கப்பூரில் 2025 ஜூலை 1 முதல் பல நடைபாதைகளில் சைக்கிள் ஓட்டுவது குற்றமாகிவிட்டது. எல்லா நடைபாதைகளிலும் அல்ல. எந்த நடைபாதையை ஒட்டி சைக்கிள் பாதை ஓடுகிறதோ, அந்த நடைபாதை இனி நடப்பவர்களுக்கு மட்டும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் அதில் போகலாம். சைக்கிளில் வருபவர் பக்கத்திலுள்ள சைக்கிள் பாதைக்குத்தான் போயாக வேண்டும். மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், சிறை, அல்லது இரண்டும்.

"அப்படியென்றால் நடைபாதையில் ஓட்டலாமா, கூடாதா?" என்று அன்றிலிருந்து பலரும் கேட்கிறார்கள். பக்கத்தில் சைக்கிள் பாதை இல்லாத நடைபாதையில் ஓட்டலாம், மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மிகாமல். சைக்கிள் பாதை இருந்தால் கூடாது. ஒரே தெருவின் இரண்டு ஓரங்களில் இரண்டு விதிகள் இருக்கவும் வாய்ப்புண்டு.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து சைக்கிளை எடுக்கும் ஒருவர் முதலில் நடைபாதையில் ஏறுகிறார், அடுத்து பூங்கா இணைப்புப் பாதை, கடைசியில் சாலை. கால் மணி நேரத்துக்குள் மூன்று வகை விதிகளைக் கடந்துவிடுகிறார். சைக்கிளும் ஆளும் மாறவில்லை. சக்கரத்துக்குக் கீழே இருக்கும் தரைதான் மாறுகிறது, அதோடு வேகம், தலைக்கவசம், யாருக்கு யார் வழிவிடுவது என்பதெல்லாமும் மாறுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான் இப்போது எந்தப் பாதையில் இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

நடைபாதையில் சைக்கிள் ஓட்டும் உரிமையே இங்கு புதிதுதான். நெடுங்காலம் அது சட்டவிரோதம். 2007இல் தெம்பனிஸ் நகரில் ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. நடப்பவர்களும் சைக்கிளோட்டிகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று பார்த்தார்கள். 2010இல் தெம்பனிஸ் முதல் சைக்கிள் நகரமானது. 2015இல் அமைந்த ஆலோசனைக் குழு ஒன்று மறு ஆண்டு நாடு முழுமைக்கும் பொதுவான விதிகளைப் பரிந்துரைத்தது. அதன் அடிப்படையில் 2017 ஜனவரியில் சட்டம் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டுகளில்தான் மின்ஸ்கூட்டர்கள் பெருகின. சைக்கிளுக்காக வகுத்த இடத்தில் அவையும் சீறிப் பாய்ந்தன. 2019 பிப்ரவரியில் நடைபாதை வேக வரம்பு 15 கிலோமீட்டரிலிருந்து 10 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டருடன் மோதிய விபத்தில் 65 வயதுப் பெண் சைக்கிளோட்டி ஒருவர் உயிரிழந்தார். நாடே கலங்கியது. நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையிலிருந்து முற்றாக விலக்கப்பட்டன. இன்று சைக்கிள் மீது இருக்கும் கட்டுப்பாடுகள் பலவற்றுக்குப் பின்னால் அந்த ஓராண்டின் கசப்பு இருக்கிறது.

10 கிலோமீட்டர் வேகம் என்றால் எவ்வளவு? வினாடிக்கு மூன்று மீட்டருக்கும் சற்றுக் குறைவு. நிதானமாக ஓடுபவரின் வேகம். பூங்கா இணைப்புப் பாதையிலும் சைக்கிள் பாதையிலும் வரம்பு 25, அதாவது வினாடிக்கு ஏழு மீட்டர். பெரும்பாலான சைக்கிள்களில் வேகமானி கிடையாது என்பதால், பக்கத்தில் மெல்லோட்டம் ஓடுபவரை எளிதில் முந்துகிறீர்கள் என்றால் நடைபாதைக்கு நீங்கள் அதிக வேகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வேறுபாட்டின் அருமை பேருந்து நிறுத்தத்தில்தான் தெரியும். மாலை ஆறரை மணி. பேருந்து வந்து நின்று கதவு திறக்கிறது. இறங்குபவர்கள் நேரே நடைபாதைக்குக் குறுக்கே வருகிறார்கள். ஒருவர் கைப்பேசியைப் பார்த்தபடி, ஒருவர் பிள்ளையின் பையைத் தோளில் மாட்டியபடி, ஒரு பாட்டி காய்கறித் தள்ளுவண்டியைப் பின்னால் இழுத்தபடி. விளம்பரப் பலகை மறைப்பதால் அவர்கள் வருவது சைக்கிளோட்டிக்குக் கடைசி நொடியில்தான் தெரிகிறது. வினாடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் வருபவர் பிரேக்கைப் பிடிக்க நினைப்பதற்குள் பாட்டியைக் கடந்திருப்பார், அல்லது இடித்திருப்பார். மூன்று மீட்டர் வேகத்தில் வருபவர் காலை ஊன்றி நிற்க முடியும். கூட்டமான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லும் நன்னடத்தை நெறிக்கும் இதுதான் காரணம். மணியடித்துக்கொண்டே புகுந்து போவதற்குப் பெயர் வழிகேட்பது அல்ல. நடைபாதையில் நடப்பவருக்குத்தான் முதல் உரிமை. மணி, நான் வருகிறேன் என்று சொல்வதற்கு மட்டுமே.

புளோக்கின் கீழ்த்தளத்தில் பல இடங்களில் சைக்கிள் ஓட்டத் தடை உண்டு. தூணில் பலகை இருக்கும். நடை மேம்பாலங்களிலும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவதும் தட்டுவதும் எந்தப் பாதையிலும் கூடாது.

பாதை சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு கட்டாய விதி: நிற்க வேண்டும், வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகே கடக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் வந்த விதி இது. நடப்பவர் திடீரென இறங்கினாலும் கார் ஓட்டுபவருக்கு ஓரிரு நொடி கிடைக்கும். சைக்கிளில் பாய்ந்து வருபவர் அந்த நொடியைக்கூடத் தருவதில்லை. பச்சை மனிதன் எரிகிறதே என்று தலை நிமிராமல் மிதிப்பவர்களை அன்றாடம் பார்க்கிறோம். திரும்புகிற லாரிக்காரரின் கண்ணில் அவர்கள் படுவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சாலைக்கு இறங்கியதும் சைக்கிளும் ஒரு வாகனம். சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டும், போக்குவரத்து ஓடும் திசையிலேயே ஓட வேண்டும், முடிந்தவரை இடது ஓரமாகப் போக வேண்டும். லிட்டில் இந்தியாவில் இந்தத் திசை விதிதான் அதிகம் உடைபடுகிறது. சிராங்கூன் சாலை அங்கே ஒருவழி. சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் சாலையோரமாக வருபவர்கள் உண்டு. சந்திலிருந்து வெளியே வரும் வண்டிக்காரர் வாகனங்கள் வரும் பக்கத்தைத்தான் பார்ப்பார். மறுபக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வரும் என்று அவர் எதிர்பார்க்க நியாயமே இல்லை. அந்தத் தெருவில் திரும்பிப் போக வேண்டுமென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடைபாதையில் போவதே பாதுகாப்பு.

சாலையில் தலைக்கவசம் கட்டாயம். நடைபாதையில் வந்துகொண்டிருப்பவர் வழியில் ஒரு சாலையைக் கடப்பதற்காகத் தலைக்கவசம் போட வேண்டியதில்லை. விரைவுச்சாலைகளும் சுரங்கச்சாலைகளும் சைக்கிளுக்கு அறவே கிடையாது. கைப்பேசி காட்டும் வழியை நம்பி விரைவுச்சாலைக்குள் நுழைந்து நடுங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள். வழி தேடும்போது கார் வழியைத் தேர்ந்தெடுத்தால் அது உங்களை அங்கேதான் கொண்டுபோய் விடும். சைக்கிள் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

வார இறுதிக் காலைகளில் கூட்டமாகப் போகிறவர்கள் பற்றித்தான் கார் ஓட்டுபவர்களின் புகார் அதிகம். 2022 ஜனவரி 1 முதல் அதற்கும் கணக்கு உண்டு. ஒருவர் பின் ஒருவராகப் போனால் ஒரு குழுவில் ஐந்து பேர். இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர். ஆக, எப்படிப் போனாலும் குழுவின் நீளம் ஐந்து சைக்கிள்தான். அடுத்த குழு ஏறத்தாழ 30 மீட்டர் தள்ளி வருவது நல்லது, அதாவது இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரம். முந்தும் கார் அந்த இடைவெளியில் ஒதுங்கிக்கொள்ள முடியும். ஒரே தடம் உள்ள சாலையில் இருவர் சேர்ந்து போகக் கூடாது. பேருந்துத் தடத்தில், அது செயல்படும் நேரத்தில், வரிசையாகத்தான் போக வேண்டும். வழக்கமான பேருந்துத் தடத்துக்கு அந்த நேரம் வார நாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரை, மாலை 5 முதல் 8 வரை. இவற்றை மீறுவோருக்கு 75 வெள்ளியாக இருந்த அபராதத்தை அப்போதே 150 ஆக்கினார்கள்.

இருவர் சேர்ந்து போவதை அடாவடி என்று நினைக்கும் ஓட்டுநர்கள் பலர். அகலமான சாலையில் சட்டம் அதை வேண்டுமென்றே அனுமதிக்கிறது. பத்துப் பேர் நீள வரிசையாகப் போனால் முந்துவதற்கு இரு மடங்கு நேரம் ஆகும். இரண்டு இரண்டாகப் போகும்போது அடுத்த தடத்துக்கு மாறி ஒரே மூச்சில் முந்திவிடலாம்.

கார் ஓட்டுபவருக்கு ஒரு கடமை சொல்லப்பட்டிருக்கிறது. சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடம் விட வேண்டும். ஆனால் இது வழிகாட்டுதல்தான், மீறினாலே அபராதம் என்ற சட்டமில்லை. இதில் எனக்கு உடன்பாடில்லை. சைக்கிளோட்டியின் குழுவில் ஓர் ஆள் கூடினால் 150 வெள்ளி கட்ட வேண்டும். அவர் முழங்கையை உரசிக்கொண்டு போகும் லாரிக்கு, விபத்து நேராதவரை, அறிவுரை மட்டும்தான். உரசலில் யார் விழுவார், யார் எழுந்திருக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒன்றரை மீட்டரும் சட்டமாக வேண்டும்.

இனி சைக்கிளைப் பற்றி. பிரேக் இல்லாத, பெடலை எதிர்த்து மிதித்து நிறுத்துகிற சைக்கிள்கள் இளைஞர்களிடம் பரவியபோது, வேலை செய்யும் கைப் பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2021இல் கட்டாயமாக்கினார்கள். இரவில் முன்னே வெள்ளை விளக்கு எரிய வேண்டும், பின்னால் சிவப்பு தெரிய வேண்டும். தொழிற்பேட்டைப் பக்கம் மரங்கள் விளக்கு வெளிச்சத்தை மறைக்கும் சாலைகளில், விடுதிக்குத் திரும்பும் ஊழியர்கள் கறுப்புச் சட்டையோடு விளக்கில்லாமல் வருவதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. ஊரில் கேரியரில் ஆளை ஏற்றி டபுள்ஸ் போன பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். தனி இருக்கை பொருத்தாத சைக்கிளில் இன்னொருவரை ஏற்றக் கூடாது.

மின்சைக்கிளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதைப் பதிவு செய்ய வேண்டும், எண் பலகை வேண்டும், ஓட்டுபவருக்கு 16 வயது நிறைந்து எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். நடைபாதையில் அதற்கு இடமே இல்லை. மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும், முறுக்கினால் ஓடும்படி மாற்றியமைத்தது சட்டவிரோதம். உணவு விநியோகம் செய்பவர்கள் பழைய மின்சைக்கிளை நண்பரிடமிருந்து வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. வாடகைச் சைக்கிள் எடுப்பவர்கள், நிறுத்தும் இடத்தில் உள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் பதிவு செய்யாமல் போனால் பயணம் முடிந்ததாகக் கணக்காகாது, கட்டணம் கூடும்.

கடைசியாக, விபத்து. சைக்கிள் யார் மீதாவது மோதிவிட்டால் நிற்க வேண்டும், அடிபட்டவருக்கு உதவ வேண்டும், பெயரையும் தொடர்பு விவரங்களையும் தர வேண்டும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு, போலிஸ் வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடத் தோன்றலாம். மோதியதில் உங்கள் தவறே இல்லாமல் இருக்கலாம். ஓடிப்போனால் அது தனிக் குற்றம், அதற்குச் சமாதானம் சொல்ல வழியும் இருக்காது. 995ஐ அழைத்தால் அவசர மருத்துவ வண்டி வரும். அது வரும்வரை அடிபட்டவர் பக்கத்திலேயே இருங்கள்.