சொல்லாத துயரைக் கண்டறிவோம்

இல்லத்தின் சுவர்களுக்குள் முதியோர் படும் கொடுமை எளிதில் வெளிவருவதில்லை. அடித்தவன் பெற்ற மகனாயிருப்பின், காயத்தைக் கண்டு வினவுவோரிடம் "கால் இடறி விழுந்தேன்" என்றே தாய் கூறுவாள். மகன்மீதுள்ள பாசம் ஒருபுறம். நாளை யார் சோறு போடுவார் என்ற அச்சம் மறுபுறம். ஆகவே, அவள் வாய் திறக்கும்வரை காத்திராமல் குறிப்பறியும் பொறுப்பு உறவினர்க்கும் அயலார்க்கும் உண்டு.

அக்குறிகள் யாவை? மேற்கைகளில் விரல் பதிந்தாற்போன்ற கன்றல், காயத்திற்கு நாளொரு காரணம், படுக்கைப்புண், உடல் மெலிவு, வாங்கித் தரப்படாத மருந்து. உடைந்த மூக்குக்கண்ணாடி பல மாதங்களாக மாற்றப்படாதிருப்பதும் ஒரு குறியே. வீட்டார் ஒருவர் அருகில் வந்ததும் முதியவரின் பேச்சு அடங்கிவிடுமாயின், அம்மௌனத்தையும் கவனியுங்கள். ஓய்வூதியம் வந்தும் கையில் காசின்மை, வங்கிப் புத்தகம் பிறர் வசமிருத்தல், படித்துக் காட்டாமல் பத்திரத்தில் கைந்நாட்டு வாங்குதல் ஆகியன பொருட்சுரண்டலின் குறிகள்.

எனினும், ஒரு குறியை மட்டும் கண்டு எவர்மீதும் பழி சுமத்தலாகாது. முதுமையில் தோல் எளிதில் கன்றும். நோயினாலும் உடல் மெலியும். குறிகள் பல சேர்ந்தோ, திரும்பத் திரும்பவோ தோன்றினால், தனித்திருக்கும் வேளை பார்த்து, "இவ்வீட்டில் உங்களுக்கு அச்சம் உண்டா?" என்று கனிவுடன் கேளுங்கள். வீட்டார் முன்னிலையில் கேட்பது, நாம் திரும்பிய பின் அவரது துன்பத்தையே பெருக்கும்.

நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இவர்களுக்குத் துணை நிற்கிறது. தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். இயலாதவர் தம் சார்பில் வேறொருவரை அமர்த்தலாம். 60 வயது நிரம்பியவரைப் பராமரிக்கும் பொறுப்புடையோர் கைவிட்டால் 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சொத்தை எழுதிக்கொடுக்க எண்ணும் பெற்றோர் ஒன்றை மறவாதீர்கள். தம்மைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். பெற்றவர் அதனை மீறினால், அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அப்பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். நிபந்தனையின்றி எழுதிவிட்டுப் பின்னர் வாதாடுவது கடினம்.

முதியோர்க்கான கட்டணமில்லா உதவித் தொலைபேசி எண் 14567. உயிருக்கு ஆபத்தெனில் 112. அடுத்த வீட்டு விவகாரம் என ஒதுங்குவது அண்டை வீட்டாரின் நாகரிகமன்று. வாரம் ஒருமுறை அம்முதியவரை நேரில் கண்டு நலம் வினவுங்கள். தம்மைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்பதே அவருக்கு ஒரு காவல்.