அளவோடு கொள்ளும் உயிர்ச்சத்து

கொழுப்பற்ற தீனி உண்ட கோழிக்குஞ்சுகள் குருதி கசிந்து நலிவதை டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஹென்ரிக் டாம் கண்டார். குருதியை உறையச் செய்யும் சத்தொன்று அத்தீனியில் இல்லை என உணர்ந்து, 1935ஆம் ஆண்டில் அதற்குக் 'கே' உயிர்ச்சத்து எனப் பெயரிட்டார். குருதியை உறைவிக்கும் புரதங்களைக் கல்லீரல் ஆக்குவதற்கு இச்சத்து இன்றியமையாதது. கீரைகளில் இது மிகுதி.

எண்ணெய் வித்துகளில் உள்ள 'இ' உயிர்ச்சத்தோ உயிரணுக்களைச் சிதையாமல் காப்பது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் போதும் என்பர் அமெரிக்க வல்லுநர். உணவின் வழியே வரும் அளவால் தீங்கில்லை. மாத்திரைகளாக மிகுதியும் உண்டால், அது 'கே' சத்தின் பணியைத் தடுக்கக்கூடும். அப்போது சிறு காயத்திலும் குருதி எளிதில் நில்லாது. குருதி உறையாதிருக்க மருந்துண்போர்க்கு இவ்விடர் பெரிது. ஆதலின், மருத்துவர் கூறாது இம்மாத்திரைகளை உண்ணலாகாது. அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சன்றோ?