காகங்கள் தந்த சான்று

1999ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் முதியோர் சிலர் கடுங்காய்ச்சலும் தசைத் தளர்ச்சியும் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். குருதியைச் சோதித்த வல்லுநர்கள், கொசுவால் பரவும் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அறிவித்தனர். நகரில் கொசு மருந்து தெளிக்கப்பட்டது. ஆனால், அம்முடிவு தவறானது.

தவறு எங்ஙனம் நேர்ந்தது? இத்தகைய தீநுண்மி (வைரஸ்) உடலில் நுழைந்தபின் பெரும்பாலும் சில நாள்களிலேயே குருதியிலிருந்து மறைந்துவிடும். அதனை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளோ நெடுநாள் தங்கும். காலடித் தடத்தைக் கொண்டு வந்துசென்ற விலங்கை அறிவதுபோல, எதிர்ப்பொருளைக் கொண்டே தீநுண்மியை அறிகின்றனர். ஆயினும், ஒரே குடும்பத்துத் தீநுண்மிகளின் தடங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவற்றின் தீநுண்மிகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. நியூயார்க் நோயாளிகளின் எதிர்ப்பொருளை அமெரிக்காவில் வழக்கமாகக் காணப்படும் தீநுண்மிகளோடு மட்டுமே ஒப்பிட்டனர். அவற்றுள் நெருங்கிய உறவுடையதே விடையாக வந்தது.

அதே நாள்களில் நகரில் காகங்கள் மிகுதியாக மடிந்தன. பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் பூநாரைகளும் இறந்தன. அங்கு நோயியல் வல்லுநராக இருந்த டிரேசி மெக்னமாரா ஐயுற்றார். செயின்ட் லூயிஸ் தீநுண்மி பறவைகளின் உடலில் பெருகுமேயன்றி, அவற்றைப் பொதுவாகக் கொல்வதில்லை. ஈமுக்களைக் கொல்லும் குதிரை மூளைக்காய்ச்சலோ எனின், அங்கிருந்த ஈமுக்கள் நலமாகவே இருந்தன. மனித நோயை ஆய்வோர் பறவைகளின் இறப்பைத் தனிச் செய்தியாகவே கருதினர். அவர் விடவில்லை, திசு மாதிரிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பினார். செப்டம்பர் இறுதியில் உண்மை புலப்பட்டது. அது 1937இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட மேற்கு நைல் தீநுண்மி. அமெரிக்கக் கண்டங்களில் அதுவரை காணப்படாதது. அவ்வாண்டு நியூயார்க்கில் அந்நோயால் ஏழு பேர் இறந்தனர். இதுவும் கொசுவால் பரவுவதே என்பதால் மருந்து தெளித்தது வீணாகவில்லை, அது நற்பேறே.

உறவுடைய தீநுண்மிகளைப் பிரித்தறிய மற்றொரு சோதனை உண்டு. நோயாளியின் குருதித் தெளிநீரை உயிருள்ள தீநுண்மிகள் ஒவ்வொன்றோடும் தனித்தனியே கலந்து, வளர்ப்புச் செல்களின்மீது இடுவர். எந்தத் தீநுண்மி செல்களை அழிக்க இயலாது அடங்குகிறதோ, அதுவே பெரும்பாலும் நோய்க்குக் காரணம். நாள்கள் பல பிடிக்கும். பாதுகாப்பான ஆய்வகமும் வேண்டும்.

மேற்கு நைல் தொற்றியவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு அறிகுறியே தோன்றாது. எனவே, மனிதர் நோயுறும்வரை காத்திராமல், புளோரிடா போன்ற இடங்களில் கோழிகளைத் திறந்தவெளிக் கூண்டுகளில் வளர்க்கின்றனர். கொசு கடித்தாலும் வளர்ந்த கோழி நோயுறாது. அதனிடமிருந்து தீநுண்மி பிற கொசுக்களுக்குப் பரவுவதும் அரிது. குறித்த இடைவெளியில் அதன் குருதியைச் சோதிப்பர். முன்பு இல்லாத எதிர்ப்பொருள் தென்பட்டால், தீநுண்மி அவ்வூருக்கு வந்துவிட்டது என்று பொருள்; மருந்து தெளிக்கும் வண்டிகள் அன்றே புறப்படலாம்.