35-க்குப் பின் தாய்மை: அபாயங்களும் கவனிப்பும்

பிரசவத்தின்போது 35 வயது நிறைந்திருந்தால், அந்தக் கர்ப்பத்தை வயது கூடிய கர்ப்பம் என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கும் முறை 1970-களில் பரவியபோது வகுக்கப்பட்ட எல்லை இது. அந்த ஊசியால் கரு கலைந்துவிடும் அபாயமும், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய சமமாகும் வயது 35 என்று அப்போது கணக்கிட்டார்கள். உண்மையில் 35-ஆவது பிறந்தநாளன்று உடலில் எதுவும் திடீரென மாறிவிடுவதில்லை. முப்பதுகளில் மெல்ல ஏறும் அபாயம், 40-ஐ நெருங்கும்போது வேகமெடுக்கிறது. இந்த அபாயங்கள் இரண்டு வகை: கருமுட்டையின் வயதால் வருபவை, தாயின் உடல் வயதால் வருபவை.

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது பத்து லட்சத்துக்கும் மேல் இருப்பவை, பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சமாகக் குறைகின்றன. எண்ணிக்கை குறைவதோடு தரமும் குறைகிறது. தாய் கருவாக இருந்த காலத்தில் முட்டையில் தொடங்கிய பிரிதல் பாதியில் நின்று, அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான் மீண்டும் தொடர்கிறது. அதுவரை குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கின்றன. அதனால் பிரியும்போது ஒரு குரோமோசோம் கூடவோ குறையவோ செய்கிறது. 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடினால் வருவது டவுன் சிண்ட்ரோம். 25 வயதுத் தாய்க்கு இதன் வாய்ப்பு சுமார் 1,250-இல் ஒன்று. 35-இல் 350-இல் ஒன்று. 40-இல் 100-இல் ஒன்று. 45-இல் 30-இல் ஒன்று. அதாவது 40 வயதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு இருப்பதில்லை.

கருச்சிதைவு கூடுவதற்கும் இந்தக் குரோமோசோம் கோளாறே முதன்மையான காரணம். இருபதுகளில் பத்தில் ஒரு கர்ப்பம் கலைகிறது என்றால், நாற்பதுகளின் தொடக்கத்தில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் கலைகிறது. கருக்குழாயிலேயே கரு தங்கிவிடுவதும் வயதோடு அதிகரிக்கிறது.

இரண்டாவது வகையில் முதலில் நிற்பது ரத்த அழுத்தம். 20 வாரங்களுக்குப் பின் அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் வெளியேறினால் அது கர்ப்பகால நச்சுநிலை. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரை போகும். அடுத்தது கர்ப்பகாலச் சர்க்கரை. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதற்கான பரிசோதனை செய்யப்படுகிறது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். அளவு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை உறுதியாகிறது. முதல் சோதனையில் இல்லாவிட்டாலும் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கீழிறங்கி இருப்பது, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, சிசேரியன் ஆகியவையும் வயது கூடிய தாய்மாரிடம் அதிகம். கடைசி வாரங்களில் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயமும் சற்றுக் கூடுகிறது. 40-ஐக் கடந்த தாய்க்கு 39 வாரத்தில் உள்ள இந்த அபாயம், இருபதுகளின் நடுவில் இருக்கும் பெண்ணுக்கு 41 வாரத்தில் உள்ள அளவுக்குச் சமம் என்பது பிரிட்டனின் கணக்கு. இதனால்தான் நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தேதி தாண்டும்வரை காத்திராமல் பிரசவத்தைத் தூண்டுவது குறித்து மருத்துவர்கள் பேசுகிறார்கள்.

இளம்பெண்ணின் முட்டையைத் தானமாகப் பெற்றுக் கருத்தரித்தால் குரோமோசோம் கோளாறும் கருச்சிதைவும் பெரும்பாலும் முட்டை தந்தவரின் வயதுக்கு ஏற்ற அளவுக்கு இறங்குகின்றன. ரத்த அழுத்த அபாயம் குறைவதில்லை. தான முட்டையால் அது இன்னும் கூடுகிறது. செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்குப் பெண்களுக்கு 50 வயதை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம்.

கவனிப்பு கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, எடை ஆகியவற்றைச் சீராக்கி, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வது முதல் படி. 11 முதல் 13 வாரங்களில் கழுத்துப் பகுதி ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும், 18 முதல் 22 வாரங்களுக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனும் அவசியம். தாயின் ரத்தத்தில் கலந்துள்ள மரபணுத் துணுக்குகளைச் சோதிக்கும் முறை 10 வாரத்திலிருந்தே உண்டு. இவை குரோமோசோம் கோளாறு இருக்கும் வாய்ப்பை மட்டுமே சொல்லும். உறுதிசெய்ய நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ சோதிக்க வேண்டும். ரத்த அழுத்த அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு 16 வாரத்துக்கு முன் குறைந்த அளவு ஆஸ்பிரினை மருத்துவர் தொடங்குவார். தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

விடாத தலைவலி, கண் மங்கல், முகத்தில் திடீர் வீக்கம், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவத்தோடு கண்காணிப்பும் முடிந்துவிடுவதில்லை. நச்சுநிலை குழந்தை பிறந்த பிறகும் தலைகாட்டலாம். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் ஆறு வாரம் கழித்து ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் ரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது.