பொன்னும் கிடைக்கும் புதன்

எல்லைக்கோட்டுக்கு வெளியே – 17

2021 டிசம்பர் 15, புதன்கிழமை. ஜார்ஜியா மாநிலத்தில் சுவானி என்ற ஊர். காலின்ஸ் ஹில் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மேசை. அதன் மேல் கல்லூரிகளின் சின்னம் பொறித்த தொப்பிகள். மேசைக்குப் பின்னால் 18 வயது டிராவிஸ் ஹன்டர். எந்தக் கல்லூரியின் பக்கம் சாய்கிறாரோ, அந்தக் கல்லூரிக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடப்போகிறார் என்று அர்த்தம். நாடே பார்க்கிறது.

உண்மையில் பார்க்க ஒன்றுமே இருந்திருக்கக் கூடாது. ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குத்தான் வருவேன் என்று 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்ட பையன். பிறந்ததும் ஃப்ளோரிடாவில். அந்த வருடம் பள்ளி முடிக்கும் வீரர்களில் நாட்டிலேயே முதலிடம் என்று பல தரவரிசைகள் எழுதிவைத்திருந்தன. ஃப்ளோரிடா ஸ்டேட் இருக்கும் டல்லஹாசி நகரத்தில் அவரை வைத்து அடுத்த மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டு முடித்திருந்தார்கள்.

தொப்பிகளை ஒதுக்கிவிட்டு, ஜாக்சன் ஸ்டேட் என்றார்.

மிசிசிப்பியில் கறுப்பின மாணவர்களுக்காக 1877இல் தொடங்கிய கல்லூரி அது. ஆட்டத்தில் ஒரு படி கீழே உள்ள பிரிவு. முதலிடத்தில் இருக்கும் பையன் அங்கே போனதாகச் சரித்திரமே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. அங்கே அப்போது பயிற்சியாளராக இருந்தவர் டீயான் சாண்டர்ஸ். 1980களில் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்காக ஆடி, அந்தக் கல்லூரியின் குலதெய்வம் போல ஆனவர். அயலான் கொண்டுபோயிருந்தால் ஆத்திரத்தோடு போயிருக்கும். கொண்டுபோனது வீட்டுப்பிள்ளை.

போன வாரம் அமெரிக்கக் கல்லூரி மைதானங்களின் பிரம்மாண்டத்தைப் பார்த்தோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மட்டும் 1,07,601 இருக்கைகள். அந்த இருக்கைகளில் உட்கார்கிறவர்கள் ஆட்டமே நடக்காத மாதங்களில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை. அவர்கள் பதினேழு வயதுப் பையன்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

பள்ளியில் நன்றாக ஆடும் பையனைக் கல்லூரிகள் தேடிவரும். அவன் ஒரு கட்டத்தில் ‘நான் இந்தக் கல்லூரிக்குக் கமிட்’ என்று அறிவிப்பான். இது வாய்ச்சொல். கையெழுத்து இல்லை, யாரையும் கட்டுப்படுத்தாது. நம் வழக்கில் சொன்னால் தட்டு மாற்றியாகிவிட்டது, தாலி ஏறவில்லை. தாலி என்பது, 1964இல் தொடங்கி 2024 அக்டோபர் வரை நடைமுறையில் இருந்த ஒரு சம்மதக் கடிதம். அதில் கையெழுத்திடும் நாள் பல காலம் பிப்ரவரி மாதத்து முதல் புதன்கிழமையாக இருந்தது. 2017 முதல் டிசம்பரிலும் ஒரு புதன் சேர்ந்துகொண்டது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வாய்ப்பில்லை. எப்படியோ புதனைப் பிடித்துக்கொண்டார்கள். தட்டு மாற்றியதற்கும் அந்தப் புதனுக்கும் நடுவில் பையன் மனம் மாறினால் அது ‘டீகமிட்’. நேராக இன்னொரு கல்லூரிக்குத் தாவினால் ‘ஃப்ளிப்’.

டீகமிட் செய்தி வந்த முதல் ஐந்து நிமிடம் யாரும் நம்புவதில்லை. பையனின் சமூக வலைத்தளக் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்பார்கள். பிறகு ஞானம் பிறக்கும். போன வாரம் வரை ஐந்து நட்சத்திர வீரனாக இருந்தவனுக்கு வேகம் போதாது, உயரம் போதாது, அவன் எதிர்த்து ஆடிய பள்ளிகள் எல்லாம் சப்பை அணிகள் என்பது சட்டென்று புலப்படும். சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும். நரிக்காவது திராட்சை எட்டாத உயரத்தில் தொங்கியது. இவர்கள் அந்தக் குலையைத் தங்கள் கூடையில் போட்டு எண்ணியே வைத்திருந்தார்கள்.

எனக்கு இவர்களைவிட வாழ்த்துகிறவர்களைக் கண்டால்தான் கொஞ்சம் பயம். ‘போய் நன்றாக இரு தம்பி, நன்றாகப் படி’ என்று எழுதுவார்கள். ‘நல்லா இருப்பே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் நம் ஊர்ப் பாட்டிகளின் தொனி அதில் கேட்கும். மூன்றாவது வகை நேராகப் பையனின் வலைத்தளப் பக்கத்துக்கே போய்த் திட்டும். ரசிகர்கள் பள்ளிப் பையன்களை நேரடியாகத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று கல்லூரிகளின் விதிமுறைப் பிரிவுகள் அவ்வப்போது எச்சரிக்கை விடுவது வழக்கம். பையனின் மனம் நோகுமே என்பதைவிட, ஆட்சேர்ப்பில் வெளியார் தலையிட்டதாக விதிமீறல் கணக்கு எழுதப்பட்டுவிடுமே என்ற கவலைதான் அதில் அதிகம்.

இத்தனை சூடு எங்கிருந்து வருகிறது? அலபாமாவில் முதல்தரத் தொழில்முறை ஃபுட்பால் அணி கிடையாது. நெப்ராஸ்காவிலும் கிடையாது. அந்த மாநிலங்களுக்கு எல்லாமே கல்லூரி அணிதான். நெப்ராஸ்காவின் லிங்கன் நகர மைதானத்தில் 1962 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்துவிடுகிறது. 2017 முதல் 2023 வரை தொடர்ந்து ஏழு வருடம், ஜெயித்த ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்கள் அதிகம். அப்போதும் தீர்ந்தது. பையன் போகலாம், பயிற்சியாளர் போகலாம். தாத்தா காலத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரசிகர் எங்கே போவார்? அவருக்கு மட்டும் டீகமிட் கிடையாது. இது தெரிந்தபின் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக அவரை நியாயவான் என்றும் சொல்லிவிட முடியாது. டிலன் ராயோலா என்ற குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், முதலில் ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கமிட் ஆனார். விலகினார். ஜார்ஜியாவுக்குக் கமிட் ஆனார். 2023 டிசம்பரில் அங்கிருந்தும் தாவி நெப்ராஸ்காவுக்கு வந்தார். அவர் அப்பா டொமினிக் அங்கே ஆடியவர். லிங்கனில் யாரும் இதைத் தாவல் என்று சொல்லவில்லை. பிள்ளை வீடு திரும்பியது என்றார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

பகையாளிக் கல்லூரிக்குத் தாவினால் கதை வேறு. 2011 பிப்ரவரி 2, அதுவும் புதன். சைரஸ் குவான்ஜியோ தொலைக்காட்சியில் ஆபர்ன் பல்கலைக்கழகம் என்று அறிவித்தார். ஆபர்ன் அப்போதுதான் தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. ஊரில் கொண்டாட்டம். ஆனால் கையெழுத்துப் போட்ட கடிதம் மட்டும் ஃபேக்ஸில் வரவே இல்லை. சில நாள் கழித்து அவர் கையெழுத்திட்டது அலபாமாவுக்கு. அங்கே அவருடைய அண்ணன் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார். ஆபர்னுக்கும் அலபாமாவுக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அதே மாதம் நடந்த இன்னொன்றைச் சொன்னால் போதும். ஆபர்ன் ரசிகர்கள் வெற்றியைக் கொண்டாடும் நாற்சந்தியில் நின்ற பழைய ஓக் மரங்களுக்கு அலபாமா ரசிகர் ஒருவர் விஷம் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. மரங்கள் பிழைக்கவில்லை. 2013இல் வெட்டி அகற்றினார்கள்.

ரசிகர்களை விடுங்கள், பெற்ற தாய்மார்களே இதில் உண்டு. அதே 2013இல் தென் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த அலெக்ஸ் காலின்ஸ் ஆர்கன்சாவுக்குப் போவதாக அறிவித்தார். மகன் அவ்வளவு தூரம் போவதில் அம்மாவுக்கு இஷ்டமில்லை. கடிதத்தில் பெற்றோர் கையெழுத்தும் வேண்டியிருந்தது. கையெழுத்து நாளன்று அவர் மறுத்துவிட, மறுநாள் அப்பா போட்டார். 2018இல் ஜேக்கப் கோப்லண்ட் நேரலையில் ஃப்ளோரிடா என்று சொன்னதும், பக்கத்தில் அலபாமா சட்டையும் டென்னசி தொப்பியுமாக உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து போய்விட்டார். பிறகு திரும்பி வந்து மகனைக் கட்டிக்கொண்டார். அம்மா திரும்பி வந்த காட்சியைவிட எழுந்து போன காட்சிதான் ஊரெல்லாம் ஓடியது.

வாக்குத் தவறினான் என்று பையனைச் சொல்கிறார்கள். அவனுக்கு வாக்குக் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள்?

லேன் கிஃபின் என்ற பயிற்சியாளர் டென்னசியில் ஒரே ஒரு சீசன் இருந்துவிட்டு 2010 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் யூஎஸ்சிக்குப் போய்விட்டார். அன்றிரவு டென்னசியின் நாக்ஸ்வில் வளாகத்தில் மாணவர்கள் திரண்டு கூச்சலிட்டு, கையில் கிடைத்ததைக் கொளுத்தினார்கள். அடுத்த மாதமே அந்த மனிதர் 13 வயதுப் பையன் ஒருவனிடம் யூஎஸ்சிக்கு வருவதாக வாக்கு வாங்கினார். டேவிட் சில்ஸ், அப்போது ஏழாம் வகுப்பு. பையன் பள்ளி முடிப்பதற்குள் 2013இல் கிஃபினின் வேலை போனது. வாக்குக் கேட்டவரே இல்லை, வாக்கு மட்டும் நிற்கிறது. சில்ஸ் விலகி வெஸ்ட் வர்ஜீனியா போனார். குவார்ட்டர்பேக்காக அல்ல, பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரராகத்தான் அவருக்குப் பேர் கிடைத்தது. 2017 சீசனில் 18 டச்டவுன், அதாவது பதினெட்டு முறை பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்தார்.

ரோக்வான் ஸ்மித் கெட்டிக்காரர். 2015 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் யூசிஎல்ஏ என்று அறிவித்தார். தன்னை அழைத்த பயிற்சியாளர் தொழில்முறை அணிக்குப் போகப்போகிறார் என்ற செய்தி வந்ததும் ஃபேக்ஸை நிறுத்திவைத்தார். கடைசியில் சொந்த மாநிலமான ஜார்ஜியாவில் சேர்ந்தார். அப்போதும் அந்தச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவே இல்லை. அதே வாரம் ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கையெழுத்திட்ட மைக் வெபருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய பயிற்சியாளர் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போகிறார் என்ற செய்தி கையெழுத்திட்ட மறுநாள் வந்தது.

2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. ரசிகர்கள் சேர்ந்து நிதி திரட்டி வீரர்களுக்குக் கொடுக்கும் அமைப்புகள் முளைத்தன. கோபத்தின் குணமும் மாறியது. முன்பு ‘எங்களை ஏமாற்றினான்’ என்றார்கள். இப்போது ‘எங்கள் காசு’ என்கிறார்கள். ரசிகர் முதலாளி ஆகிவிட்டார். 2024 நவம்பரில் பிரைஸ் அண்டர்வுட் என்ற பையன் பத்து மாதம் லூசியானா ஸ்டேட்டுக்குக் கமிட் ஆக இருந்துவிட்டு, தன் ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள மிச்சிகனுக்குத் தாவியபோது, ஒரு கோடி டாலருக்கு மேல் பேசப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. சொந்த ஊர்ப் பாசம் என்று ஒரு கூட்டம், விலை என்று இன்னொரு கூட்டம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பணத்தை நம்பிப் போய் ஏமாந்தவர் ஜேடன் ரஷாடா. 2022இல் மயாமியிலிருந்து ஃப்ளோரிடாவுக்குத் தாவினார். பேசப்பட்ட தொகை 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அந்த ஒப்பந்தம் முறிந்தது. கையெழுத்திலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்டு வெளியேறினார். 2024இல் ஃப்ளோரிடா பயிற்சியாளர் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடுத்தார். பேராசைக்காரப் பையன் என்று சிரித்தவர்களுக்குக் குறைவில்லை. அவ்வளவு பெரிய தொகையைப் பேசிய பெரியவர்களைப் பார்த்து அந்த அளவுக்கு யாரும் சிரிக்கவில்லை.

மன்னிப்பும் உண்டு, வேகமாகவே வரும். 2024 ஜனவரியில் அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு அறிவித்ததும், அங்கே கமிட் ஆகியிருந்த ரையன் வில்லியம்ஸ் விலகினார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். செப்டம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் 75 யார்டு டச்டவுன். வயது 17. ஜனவரியில் அவர் போன கதையை அன்றிரவு அலபாமாவில் யார் நினைத்திருப்பார்கள்?

ஹன்டர் கதை அன்றோடு முடியவில்லை. அவரைக் கொண்டாடிய ஜாக்சன் ஸ்டேட் ரசிகர்களுக்கு ஒரு வருடம்தான் கிடைத்தது. 2022 டிசம்பரில் சாண்டர்ஸ் கொலராடோவுக்குப் போனார். ஹன்டரும் கூடவே போனார். டல்லஹாசி ஒரு வருடம் முன்பு அனுபவித்ததை ஜாக்சன் இரண்டு மடங்காக அனுபவித்தது. கொலராடோவில் ஏற்கெனவே இருந்த பையன்களில் பெரும்பாலோர் வேறு கல்லூரி தேடிப் போக வேண்டியதாயிற்று. அவர்களும் ஒருகாலத்தில் கமிட் ஆனவர்கள்தான்.

2024 டிசம்பர் 14 அன்று கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை ஹன்டர் வாங்கினார். அந்த சீசனில் ஃப்ளோரிடா ஸ்டேட் ஆடியது 12 ஆட்டம், ஜெயித்தது இரண்டு. அடுத்த ஏப்ரலில் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஹன்டர் இரண்டாவதாகவே எடுக்கப்பட்டார். எடுத்த அணி ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ். ஊர் ஃப்ளோரிடாவில்தான் இருக்கிறது. டல்லஹாசியில் ஏறி நெடுஞ்சாலையில் நேராகக் கிழக்கே போனால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. டிக்கெட் எடுத்தால் பார்க்கலாம்.

(தொடரும்)