வாடகை குறையும் ஊரில் எழுத்து கூட வேண்டும்

சென்னையில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகைக்கு வாலாஜாபாத் பக்கம் தனி வீடே கிடைத்துவிடும். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டைகள் விரிந்ததில் இருந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத தனியாள் இல்லை. தொழிற்சாலைப் பொறியாளர், தனியார் மருத்துவமனைச் செவிலியர், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணினித் துறைக்காரர் எனப் பலரும் நகரத்தை விட்டு ஊராட்சிகளை நோக்கி வருகிறார்கள். பெரிய ஏரியால் பெயர் பெற்ற தென்னேரியும் அப்படி அவர்கள் கண்ணில் படும் ஊர்தான்.

வருவது நல்ல முடிவே. மிச்சமாகும் பணம் கடனை அடைக்கும், வீட்டுக்கு அனுப்பலாம், சேமிக்கலாம். ஆனால் குறைந்த வாடகையோடு சேர்ந்து இன்னொன்றும் குறைகிறது. அது சட்டம் தானாகத் தரும் பாதுகாப்பு. அந்தக் குறையை எழுத்தால் ஈடுகட்டிக்கொள்ள வேண்டும். குடும்பமாக இருப்பவருக்குப் பேச நாலு பேர் இருப்பார்கள். தனியாகக் குடியேறுபவருக்குக் கையில் உள்ள காகிதம்தான் சாட்சி.

எல்லை தாண்டினால் சட்டம் மாறும்

தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கென்று 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. மாத வாடகை 6,000 ரூபாய் என்றால் அட்வான்ஸ் 18,000 ரூபாய். காலி செய்து சாவியைக் கொடுத்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வாடகைதாரரை நெருக்கினால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் முறையிட்டு உடனே திரும்பப் பெறலாம்.

ஆனால் இது நகர்ப்புறத்துக்கான சட்டம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள்ளும், அரசு தனியாக அறிவிக்கும் பகுதிகளிலுமே செல்லும். காஞ்சிபுரம் மாநகராட்சி. வாலாஜாபாத்தும் உத்திரமேரூரும் பேரூராட்சிகள். தென்னேரியோ ஊராட்சி. ஒரே கம்பெனி பஸ்ஸில் போகும் இரண்டு பேரில் வாலாஜாபாத்தில் ஏறுபவருக்கு ஒரு சட்டம், தென்னேரியில் ஏறுபவருக்கு இன்னொன்று. எனவே வீடு பார்த்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த இடம் பேரூராட்சியா, ஊராட்சியா?" என்பதுதான். வீட்டு வரி ரசீதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் வாடகை அதிகாரியின் அலுவலகத்தில் முகவரியைச் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊராட்சி என்றால் அங்கே செல்லுபடியாவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், மாத வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்ல 15 நாள் எழுத்து மூல அறிவிப்பு போதும். முன்பணத்துக்கு உச்சவரம்பு கிடையாது, திருப்பித் தரக் கெடு கிடையாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதினீர்களோ அதுதான் உங்கள் உரிமை. எதுவும் எழுதாவிட்டால் உங்கள் சொல்லும் வீட்டுக்காரர் சொல்லும் மட்டுமே எஞ்சும்.

அதற்காக ஊராட்சியில் யாரும் யாரையும் சாமானோடு தெருவில் தள்ளிவிட முடியாது. நீதிமன்ற உத்தரவில்லாமல் பூட்டை மாற்றி வெளியேற்றினால், குறிப்பிட்ட தீர்வுகள் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் நீங்கள் அங்கே குடியிருந்ததைக் காட்டும் சான்றுகள்தான் துணை நிற்கும்.

எப்படிக் கேட்பது, என்ன எழுதுவது

கிராமத்தில் பத்திரம் கேட்டால், "என்னை நம்பலையா?" என்ற வருத்தம் வரும். அதைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. "கம்பெனியில அட்ரஸ் புரூஃப் கேக்குறாங்கண்ணே, ஒரு அக்ரிமென்ட் போட்டுக்கலாமா?" என்று கேளுங்கள். அது உண்மையும் கூட. வங்கி, கேஸ் இணைப்பு, வருமான வரி எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் 11 மாத ஒப்பந்தம் வழக்கமாயிற்று. அதில் வாடகை, அது ஏறும் விதம், முன்பணம், அதைத் திருப்பித் தரும் நாள், இரு தரப்பும் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்புக் காலம், தண்ணீர், பழுது பார்ப்பு, வெள்ளையடிப்புச் செலவு யாருடையது என்பதெல்லாம் இடம்பெறட்டும். வீட்டுக்காரர் உள்ளே வருவதானால் ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதையும் சேருங்கள். தனியாக இருக்கும் பெண்களுக்கு இந்த ஒரு வரி பெரிய காவல். முன்பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். குடிபோகும் நாளில் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள்.

போக்கியத்தில் கவனம்

"மாதா மாதம் வாடகை எதுக்கு? அஞ்சு லட்சம் கொடுத்துட்டு லீசுக்கு இருங்க, போகும்போது முழுசாத் திருப்பித் தர்றேன்." புறநகரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சேமிப்பு கையில் இருக்கும் தனியாளுக்கு ஆசையைக் கிளப்பும். ஆனால் போக்கியம் எனப்படும் இந்த ஏற்பாடு வாடகையே அல்ல, வீட்டை ஈடாக வைத்து நீங்கள் கொடுக்கும் கடன். 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்கான இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்திருக்கும்போது, அதே வீட்டின் மேல் வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால் வங்கி வீட்டைக் கைப்பற்ற வரலாம். அப்போது உங்கள் பணத்துக்கு நீங்கள் தனியாக வழக்காட வேண்டியிருக்கும்.

போக்கியத்துக்குப் போவதானால் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். "பேங்க்கில் இருக்கிறது" என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். பத்திரம் கையில் இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

"என்ன ஆளுங்க?"

"கல்யாணம் ஆச்சா?" என்று தொடங்கும் விசாரணை, பல வீடுகளில் "என்ன ஆளுங்க?" என்பதில் போய் முடிகிறது. கல்யாணமாகாதவர் என்பதற்காக ஒருவர் வீடு தர மறுத்தால், அதைத் தடுக்கும் சட்டம் இப்போது இல்லை. அரசியலமைப்பின் 15(1) பிரிவு பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்வது அரசைப் பார்த்து. இது நியாயமில்லை என்றாலும் நிலைமை இதுதான். வேலைக்கான கடிதம், பழைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண், அதே ஊரில் வசிக்கும் சக ஊழியரின் அறிமுகம் ஆகியவை கதவைத் திறக்க உதவும்.

சாதி காரணமென்றால் கதை வேறு. தீண்டாமையின் பேரில், எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி குற்றம். சிறைத் தண்டனை உண்டு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 14566 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். மறுத்தவர் என்ன சொன்னார், யார் கேட்டார், எந்த நாள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். தரகர் அனுப்பிய குரல் பதிவும் வாட்ஸ்அப் செய்தியும் சான்றுகளாகும், அழித்துவிடாதீர்கள்.

விடுதியில் தங்குபவர்களுக்கு

தனி வீடு கிடைக்கும்வரை, அல்லது பாதுகாப்பு கருதி, பலர் விடுதியைத் தேடுகிறார்கள். அங்கேயும் விசாரித்தே சேர வேண்டும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்தவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. அதன் பிறகுதான் தொழிலாளர் தங்குமிடங்களின் நிலை நாட்டின் பேச்சாயிற்று. வல்லம் வடகாலில் 706.5 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார்.

தனியார் பெண்கள் விடுதி எதுவானாலும் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். சேரும் முன் உரிமத்தையும், சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் தெரிவியுங்கள். வேலை பார்க்கும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் இருக்கின்றன. "ஜிஎஸ்டி தனி" என்று கூடுதலாகக் கேட்டால், மாதம் ஒருவருக்கு 20,000 ரூபாய்க்கு மிகாத, தொடர்ந்து 90 நாளாவது நீடிக்கும் தங்கலுக்கு 2024 ஜூலை 15 முதல் அந்த வரி இல்லை என்று சொல்லுங்கள்.

மிச்சத்தைத் தின்னும் கணக்குகள்

பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு வீட்டு வாடகைப் படியில் கிடைக்கும் விலக்கைக் கணக்கிடும்போது, சென்னையில் குடியிருந்தால் சம்பளத்தில் 50 விழுக்காடுவரை எடுத்துக்கொள்வார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 40 விழுக்காடுதான். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் தேவை. இதை ஒப்பந்தத்தின்போதே பேசிவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், ஊர் மாறுவதால் சம்பளமும் படியும் மாறாது என்பதை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

மின்சாரத்தில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனியாளின் பயன்பாடு பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும். ஆனால் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அந்தச் சலுகை உங்களை எட்டாது. தனி இணைப்பு உள்ள வீட்டைத் தேடுங்கள். இணைப்பு எண்ணை வாங்கிக்கொண்டு கட்டணத்தை நீங்களே நேரடியாகக் கட்டுங்கள்.

வீட்டைப் பார்க்காமலே "டோக்கன் அட்வான்ஸ்" அனுப்பச் சொல்லும் இணைய விளம்பரங்களிடம் எச்சரிக்கை தேவை. பணம் பெறுவதற்கு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணை அழுத்தவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

கதவைத் தட்ட வேண்டிய இடங்கள்

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. உதவி எண் 15100. விடுதியோ தரகரோ பணம் வாங்கிக்கொண்டு சேவை தராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெண்களுக்கு 181. கம்பெனி வேனில் நடக்கும் பாலியல் தொல்லையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணியிடத் தொல்லைதான், நிறுவனத்தின் உள்புகார்க் குழு அதை விசாரித்தாக வேண்டும். இ.எஸ்.ஐ. இருப்பவர்கள் மருந்தகத்தைப் புது ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தனியாக இருக்கையில் காய்ச்சல் வந்த பிறகு அலைவது கொடுமை.

இன்னொன்றையும் செய்யுங்கள். படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரைப் புது முகவரிக்கு மாற்றுங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய நாளில் நீங்கள் அந்த ஊர்க் கிராம சபையின் உறுப்பினர். வாடகைச் சட்டத்தைப் பிற பகுதிகளுக்கும் அறிவிக்கும் அதிகாரம் அரசின் கையில் இருக்கிறது. தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இத்தனை பேர் ஆன பிறகும், அந்தப் பாதுகாப்பு பேரூராட்சி எல்லையோடு நிற்பதில் நியாயமில்லை. தெளிவான சட்டம் வீட்டுக்காரருக்கும் நல்லது, வாடகை பாக்கியோடு போகிறவரிடம் அவரும் அல்லாடாமல் இருக்கலாம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்களில் எழுந்து நின்று, "எங்கள் ஊராட்சியையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர அரசைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைச் சொல்லுங்கள்.